குருத்து பிழைத்தால் மரம் பிழைக்கும்: குளிர் நாட்டில் பனையும் வாழையும்

குளிர் நாட்டில் பனை வளர்க்கக் கண்ணாடிக் கூடம் வேண்டும் என்றுதான் ஐரோப்பாவிலும் வெகுகாலம் நினைத்தார்கள். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பாம் ஹவுஸ் என்ற பனைக்கூடத்தை 1844-இல் தொடங்கி 1848-இல் கட்டி முடித்தார்கள். இரும்பு வளைவுகள், சுற்றிலும் கண்ணாடி, உள்ளே சூடேற்றக் கொதிகலன்கள். அது முடிந்த மறு வருடம், 1849-இல், ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சீனாவிலிருந்து சில பனங்கன்றுகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். சில கியூவுக்குப் போயின, ஒன்று விக்டோரியா அரசியின் ஆஸ்பர்ன் மாளிகைத் தோட்டத்துக்குப் போனது. கூடமும் இல்லை, கொதிகலனும் இல்லை. வெட்டவெளியில் நின்றே அவை குளிர்காலத்தைக் கடந்தன. இன்று தென் இங்கிலாந்தின் தெருக்களில் ஒரு வீட்டின் முன்னால் பனை நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் இந்த இனம்தான். பெயர் ட்ராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி. கடைகளில் சூசான் பாம், விண்ட்மில் பாம் என்று விற்பார்கள்.

இந்தக் கட்டுரை புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு. லண்டன், அதைச் சுற்றியுள்ள தென் இங்கிலாந்து ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வேறு குளிர் நாடுகளில் இருப்பவர்களுக்கு எங்கே கணக்கு மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன். பனை என்று நான் சொல்வது நம் ஊர்ப் பனையை மட்டுமல்ல. தென்னை, ஈச்சை, பாக்கு எல்லாம் அடங்கிய மொத்தக் குடும்பத்தையும் சொல்கிறேன்.

குளிர் என்ன செய்கிறது

வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்துவிடும். உள்ளே 4 டிகிரிதான், எதுவும் உறையவில்லை, ஆனாலும் கறுக்கிறது. வெப்பமண்டலத் தாவரத்தின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே இறுகிப்போய் வேலை செய்யாமல் நின்றுவிடுவதுதான் காரணம். பூஜ்ஜியத்துக்கு மேலேயே நடக்கிற இந்தச் சேதம் ஒரு வகை. தென்னை இந்த வகையில் மாட்டிக்கொள்கிற மரம். உறைபனியே தேவையில்லை, 10 டிகிரிக்குக் கீழே பல நாள் தொடர்ந்து இருந்தாலே நலிந்துவிடும். அதனால் லண்டனில் தென்னையை வெளியில் நட்டுக் காப்பாற்ற எந்த வித்தையும் கிடையாது. கார்டன் சென்டரில் முளைவிட்ட தேங்காயோடு விற்கிற கன்றைப் பார்த்ததும் நம்மவர்கள் கை நீளும். வாங்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை. வீட்டுக்குள்ளும் அது வெளிச்சமும் ஈரப்பதமும் போதாமல் மெல்ல மெல்லச் சாகும்.

இன்னொரு வகை பூஜ்ஜியத்துக்குக் கீழே நடப்பது. முதலில் செல்களுக்கு இடையிலுள்ள நீர் உறையும். அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். குளிர் தாங்கும் தாவரம் இந்த வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும், தாங்காதது வதங்கிப் போகும். குளிர் இன்னும் கடுமையாகி செல்லுக்குள்ளேயே பனிக்கட்டி உருவானால் அந்தச் செல் செத்தது செத்ததுதான். உறைபனி விழுந்த மறுநாள் மதியம் வாழையிலை வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்குவது இதனால்தான்.

ஓக், மேப்பிள் போன்ற மரங்கள் இலையுதிர்த்து உறங்கப் போய்விடும். பனைக்கு அந்த வசதி இல்லை. வருடம் முழுக்கப் பச்சை ஓலையோடு நின்றாக வேண்டும். அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது.

ஒரே ஒரு குருத்து

மாமரத்தின் நுனி கருகினால் பக்கத்திலிருந்து பத்துக் கிளை வெடிக்கும். ஒற்றைத் தண்டுப் பனைக்கு உச்சியில் ஒரே ஒரு வளர்முனைதான். எல்லா ஓலையும், எல்லாப் பாளையும் அங்கிருந்துதான் வர வேண்டும். அது செத்தால் மரம் செத்தது. தண்டுக்கும் அதே கதி. மற்ற மரங்களின் பட்டைக்கு அடியில் புதுத் திசுவை உண்டாக்கும் அடுக்கு ஒன்று உண்டு, காயம்பட்டால் அது மூடிக் கட்டிவிடும். பனையில் அந்த அடுக்கே கிடையாது. தண்டில் விழுந்த காயம் கடைசிவரை காயமாகவே இருக்கும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வளர்முனை வெளியே தெரிகிற இடத்தில் இல்லை. மட்டைகளின் அடிப்பாகம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய பொதிக்குள், ஆழத்தில் இருக்கிறது. ட்ராக்கிகார்பஸில் தென்னைக்கு இருப்பது போன்ற பன்னாடை இன்னும் தடிப்பாக, பழுப்பு நிற நார்ப்போர்வையாகத் தண்டு முழுக்கச் சுற்றியிருக்கும். வெளியே மைனஸ் 8 ஆக இருந்தாலும் அந்தக் குளிர் உள்ளே இறங்கப் பல மணி நேரம் ஆகும். விடிந்து வெயில் வந்துவிட்டால் தப்பித்தது. ஓலை முழுக்கக் கருகினாலும் பரவாயில்லை. காவோலை விழுந்தாலும் குருத்தோலை நின்றால் போதும், அடுத்த கோடையில் மரம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

அதனால் குளிர்காலத்தில் நாம் செய்கிற எல்லா வேலையும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்: குருத்து அளவுக்கு மீறிக் குளிரக் கூடாது, குருத்துக்குள் தண்ணீர் தங்கி அழுகக் கூடாது. தென் இங்கிலாந்தில் பனைகள் சாவது முதல் காரணத்தைவிட இரண்டாவதால்தான் அதிகம் என்பது என் உறுதியான கருத்து. மாதக்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும் மழை குருத்துக்குள் இறங்கித் தேங்கும். ஒரு இரவு அது உறைந்து திசுவைக் கிழிக்கும். மறு வாரம் குளிர் தளர்ந்ததும் அந்தக் கிழிசலில் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகும். நம் ஊர்த் தென்னந்தோப்புக்காரர்கள் மழைக்காலத்தில் அஞ்சுகிற அதே குருத்தழுகல்தான், இங்கே குளிரோடு கைகோத்து வருகிறது.

மைனஸ் எத்தனை என்ற எண் போதாது

செடி வாங்கும்போது சீட்டில் “மைனஸ் 12 வரை தாங்கும்” என்று போட்டிருக்கும். பலரும் அதை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். அந்த எண் பொய்யில்லை, ஆனால் பாதிதான் சொல்கிறது.

அமெரிக்க வேளாண்மைத் துறை 1960-இல் ஒரு வரைபடம் வெளியிட்டது. ஒவ்வொரு ஊரிலும் குளிர்காலத்தின் மிகக் குளிர்ந்த இரவு எத்தனை டிகிரிக்குப் போகிறது என்று பார்த்து, பல வருடங்களுக்குச் சராசரி எடுத்து, நாட்டை மண்டலங்களாகப் பிரித்தார்கள். இப்போது 13 மண்டலங்கள் உண்டு. 2023-இல் வந்த புதுப் பதிப்பு 1991 முதல் 2020 வரையிலான கணக்கை வைத்தது. உலகம் முழுக்கத் தோட்டக்காரர்கள் இந்த மண்டல எண்ணில்தான் பேசிக்கொள்வார்கள். பிரிட்டனில் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டிக்குத் தனிக் கணக்கு: எச்1 என்றால் கண்ணாடி வீட்டுக்குள் வைக்க வேண்டியது, எச்7 என்றால் மைனஸ் 20-க்குக் கீழேயும் நிற்பது. ட்ராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி எச்5, அதாவது மைனஸ் 10 முதல் மைனஸ் 15 வரை.

அமெரிக்க வரைபடத்தில் இருப்பது சராசரி என்பதை மறக்க வேண்டாம். ஏறக்குறைய ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் அந்த எண்ணுக்குக் கீழேயும் குளிர் போகும். மண்டலத்துக்குச் சரியாகப் பொருந்துகிற செடியை வாங்கினால் பாதி வருடங்களில் அது எல்லை மீறிய குளிரைச் சந்திக்கும். கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிற செடியை வாங்குவதே புத்திசாலித்தனம்.

இன்னொரு குறையும் அதில் உண்டு. எவ்வளவு நேரம் குளிர்ந்தது என்று அது சொல்லாது. விடியற்காலையில் இரண்டு மணி நேரம் மைனஸ் 7 தொட்டு, மதியம் 5 டிகிரிக்கு ஏறினால் பனை சிரித்துக்கொண்டு நிற்கும். ஒரு வாரம் இரவும் பகலும் பூஜ்ஜியத்தைத் தாண்டாமல் இருந்தால், மைனஸ் 5 கூடக் கொன்றுவிடும், ஏனென்றால் குளிர் குருத்தின் அடிவரை இறங்க அவகாசம் கிடைத்துவிட்டது. 2010 டிசம்பர் பிரிட்டனில் நூறு வருடத்தில் காணாத குளிர். 2022 டிசம்பர் நடுவிலும் ஒரு வாரத்துக்கு மேல் உறைபனி நீடித்தது. ஸ்காட்லாந்தின் பிரேமர் ஊரில் மைனஸ் 17.3 வரை போனது. இரண்டு முறையும் அடுத்த வசந்தத்தில் தெருத்தெருவாக நியூசிலாந்துக் கார்டிலைன்கள் மொட்டையாக நின்றன.

கார்டிலைன் பனை அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். டோர்கீ கடற்கரையில் ‘டோர்பே பாம்’ என்று அழைப்பதும், ஸ்காட்லாந்தின் ப்ளாக்டன் கிராமத்துக் கரையில் நிற்பதும் கார்டிலைன்தான். விரிந்த விசிறி ஓலையோ, இறகு ஓலையோ இல்லாமல், வாள்போன்ற நீள இலைகள் கொத்தாக இருந்தால், தண்டு கிளை பிரிந்திருந்தால், அது பனைக் குடும்பம் இல்லை. உச்சி செத்தாலும் அடியிலிருந்து புதிதாகத் துளிர்க்கும். பனைக்கு இல்லாத வரம் அது.

கோடையின் சூடு

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத விஷயம் இது. மண்டல எண்ணைப் பார்த்தால் லண்டனும் வட ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லும் ஒன்பதாம் மண்டலம். அப்படியானால் அங்கே சாலை ஓரமெல்லாம் நிற்கிற சபால் பனை இங்கேயும் வளர வேண்டும் அல்லவா? வளராது. ஜாக்சன்வில்லின் ஜூலை மதியம் 33 டிகிரி, இரவும் புழுக்கம். லண்டனின் ஜூலை மதியம் சராசரியாக 23, 24. இரவில் ஜன்னலைத் திறந்தால் சிலுசிலுவென்று காற்று. ஃப்ளோரிடாவில் ஒரே கோடையில் போடுகிற ஓலைகளை இங்கே போட அந்த மரத்துக்குப் பல வருடம் ஆகும். குளிர்காலத்தில் இரண்டு ஓலை கருகினால் அடுத்த கோடையில் அரை ஓலைதான் வரும். வரவைவிடச் செலவு அதிகம். நாலைந்து வருடத்தில் மரம் ஒன்றுமில்லாமல் போகும்.

உலகிலேயே அதிகக் குளிர் தாங்குகிற பனை என்று பெயரெடுத்த ஊசிப்பனை, ராபிடோஃபில்லம் ஹிஸ்ட்ரிக்ஸ், தென்கிழக்கு அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்கே மைனஸ் 20 வரை தாங்கியதாகச் சொல்வார்கள். அந்தத் தாங்குசக்தி வேகும் கோடையிலிருந்து வருகிறது. இங்கிலாந்தில் அது சாகாது, ஆனால் நட்ட அளவிலேயே வருடக்கணக்கில் நிற்கும். ட்ராக்கிகார்பஸ் இதற்கு நேரெதிர். சீனாவின் மலைப்பகுதிகளில் மேகமும் மிதமான வெயிலுமாக வாழ்ந்து பழகியது. 20 டிகிரி வெயிலிலேயே உற்சாகமாக ஓலை விடும். லண்டனின் மந்தமான கோடைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற மரம். முதல் பனையாக வேறு எதையும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

கனடாவில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. வான்கூவரில் இதே ட்ராக்கிகார்பஸை இங்லிஷ் பே கடற்கரையில் நட்டு வைத்திருக்கிறார்கள், பசிபிக் கடல் அங்கே குளிரைத் தணிக்கிறது. டொராண்டோ லண்டனைவிடத் தெற்கே இருந்தாலும் அட்லாண்டிக் கடலின் வெதுவெதுப்பு அங்கே எட்டாது. மைனஸ் 20 வரை இறங்குகிற குளிர்காலங்கள் உண்டு. பனையை அங்கே தரையில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. தொட்டிதான் வழி.

வேறென்ன நடலாம்? கேமரோப்ஸ் ஹ்யூமிலிஸ் மத்தியதரைக்கடல் பகுதியின் குள்ளப் பனை. பல தண்டுகளாகக் கிளைப்பதால் ஒரு குருத்து போனாலும் இன்னொன்று இருக்கும். நல்ல வடிகால் உள்ள மண்ணில் மைனஸ் 10 அளவுக்குத் தாங்கும். கேனரித் தீவு ஈச்சையை லண்டன் நகருக்குள் பார்க்கலாம், கட்டடங்களும் சாலைகளும் விடுகிற சூடு அதைக் காக்கிறது. நகருக்கு வெளியே அது சூதாட்டம். சிலி நாட்டு ஜூபியா அழகிலும் தாங்குசக்தியிலும் சிறந்தது, ஆனால் தண்டு விடவே பல வருடம் எடுக்கும். கியூவில் 1840-களில் விதையாக வந்த ஜூபியா ஒன்று கண்ணாடிக் கூரையைத் தொடுகிற வரை நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தது.

எங்கே நடுவது

குளிர்ந்த காற்று கனமானது. தெளிந்த, காற்றசையாத இரவில் அது தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தோட்டத்தின் மிகத் தாழ்ந்த மூலையில், வேலிக்கு அடியில் பனையை நட்டால் அந்தத் தேக்கத்துக்கு நடுவே நட்டதாக அர்த்தம். அதே இரவில் வீட்டுச் சுவரை ஒட்டிய இடம் சில டிகிரி கூடுதலாக இருக்கும். பகலெல்லாம் செங்கல் வாங்கிய வெயிலை இரவில் மெல்ல வெளியே விடுகிறது, வீட்டின் உள்சூடும் கொஞ்சம் கசிகிறது, மேலே கூரையின் நீட்டம் இருந்தால் நேர் மழையும் குறைகிறது.

எந்தச் சுவர்? தெற்கு பார்த்தது. நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதன் அழுத்தம் உடனே புரியாது, ஏனென்றால் சென்னையில் டிசம்பரில்கூட மதியச் சூரியன் பாதி வானத்துக்கு மேல், சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். லண்டனில் டிசம்பர் 21 மதியம் அது தொடுவானத்துக்கு மேல் 15 டிகிரிதான். வெயில் படுத்த மேனிக்குக் கிடையாக வந்து தெற்குச் சுவரில் நேராக மோதும். வடக்குப் பக்கம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலையே பார்க்காது.

மண்ணைப் பற்றி ஒன்றே ஒன்று: தண்ணீர் நிற்கக் கூடாது. லண்டன் களிமண்ணில் ஆழமாகக் குழி தோண்டி அதை நல்ல மண்ணால் நிரப்பினால், சுற்றியுள்ள களிமண் தண்ணீரை விடாமல் அந்தக் குழி ஒரு தொட்டியாகிவிடும், வேர் அழுகும். அதற்குப் பதிலாகத் தரைமட்டத்துக்கு ஓரடி மேலே மேடு போட்டு, சரளையும் மட்கும் கலந்து அதன்மேல் நடுங்கள்.

நடுகிற மாதம் மே அல்லது ஜூன். தோட்டக்கடைகளில் செப்டம்பரில் பனைகளைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள். விலை மலிவாக இருக்கும், ஆனால் மண் குளிர்ந்த பிறகு பனை புது வேர் விடாது. வேரூன்றாத மரம் முதல் குளிர்காலத்திலேயே திணறும். அப்படி வாங்கிவிட்டால் குளிர்காலம் முழுக்கத் தொட்டியிலேயே பாதுகாப்பாக வைத்திருந்து மே மாதம் நடுங்கள். ஸ்பெயினிலோ இத்தாலியிலோ வளர்த்துக் கொண்டுவந்த இரண்டு ஆள் உயர மரத்தைவிட, இங்கேயே இரண்டு குளிர்காலம் பார்த்த முழங்கால் உயரக் கன்று நம்பகமானது. காசும் மிச்சம்.

குளிர்காலக் காவல்

நவம்பர் வந்ததும் பனையைத் துணியில் சுற்றி மார்ச்சில்தான் பிரிப்பேன் என்கிறவர்கள் உண்டு. மரத்தின் மேல் உள்ள அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் அது கெடுதல். நான்கு மாதம் காற்றும் வெளிச்சமும் இல்லாமல் ஈரத்தோடு பொதிந்து வைத்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. வானிலை அறிக்கையைப் பாருங்கள். மைனஸ் 3, 4 வந்து போகிற இரவுகளுக்கு வேரூன்றிய ட்ராக்கிகார்பஸுக்கு எதுவுமே வேண்டாம். மைனஸ் 8-க்குக் கீழே என்றோ, பல நாள் பகலிலும் உறைந்தே இருக்கும் என்றோ எச்சரிக்கை வந்தால் களத்தில் இறங்குங்கள்.

முதலில் ஓலைகளை மேலே தூக்கி, குருத்தைச் சுற்றிக் கூம்பாகச் சேர்த்து, சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். அதன்மேல் தோட்ட ஃபிளீஸ் துணி இரண்டு மூன்று சுற்று. ஃபிளீஸ் காற்றை விடும். பாலிதீன் விடாது, உள்ளே வியர்த்து நனைத்துவிடும். அதனால் பாலிதீனை ஓலையில் படும்படி ஒருபோதும் சுற்ற வேண்டாம். மழை இறங்காமல் உச்சியில் மட்டும் குடை மாதிரி ஒரு தகடு வைத்தால் போதும். இன்னும் கடுங்குளிர் என்றால் ஃபிளீஸுக்கு அடியில் பழைய வகைக் கிறிஸ்துமஸ் குண்டு பல்ப் சரத்தைத் தண்டின் உச்சியில் சுற்றி எரியவிடுவார்கள். வெளியில் பயன்படுத்தத் தகுந்த சரமாக இருக்க வேண்டும். எல்இடி சரம் பயன்படாது, அதில் சூடு வராது. தரையில் வேர்ப்பகுதியின்மேல் அரையடிக்கு மரப்பட்டைத் துண்டோ வைக்கோலோ மூடாக்குப் போட்டு வையுங்கள். குளிர் தளர்ந்த அன்றே எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள்.

வாழை வேறு வழியில் தப்பிக்கிறது

வாழைக்கு மேலே தெரிவது தண்டே அல்ல, இலையடிகள் சுருண்ட உருளை. உண்மையான உயிர் மண்ணுக்குள் கிழங்கில் இருக்கிறது. மேலே எல்லாம் கருகி விழுந்தாலும் கிழங்கு உறையாமல் இருந்தால் மே மாதத்தில் பக்கக்கன்று கிளம்பும். மூசா பாஸ்ஜூ என்ற வாழையை வெளியில் நட முடிவதன் ரகசியம் இதுதான். ஜப்பான் வாழை என்று சொன்னாலும் பிறப்பிடம் சீனா. கிழங்குக்கு மேல் ஓரடி மூடாக்குப் போட்டால் லண்டனில் அநேகமாக எல்லா வருடமும் மீண்டு வரும். கடையில் வாங்கிச் சாப்பிடுகிற கேவென்டிஷ் வகைக்கு இங்கே வெளியில் வேலை இல்லை. பாஸ்ஜூவில் குலை தள்ளினாலும் உண்ண முடியாது, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இலைக்காக வளர்க்கிற வாழை அது.

அடியிலிருந்தே ஒவ்வொரு வருடமும் தொடங்கினால் உயரம் வராது. உயரம் வேண்டுமென்றால் தண்டையும் காப்பாற்ற வேண்டும். முதல் உறைபனியில் இலைகள் கறுத்ததும் அவற்றை வெட்டி எடுத்துவிட்டு, இடுப்பு அல்லது மார்பு உயரத்தில் தண்டை நறுக்குங்கள். சுற்றிலும் இரண்டு கை அகல இடைவெளி விட்டுக் கோழிவலையை உருளையாக நிறுத்தி, அந்த இடைவெளி முழுக்கக் காய்ந்த வைக்கோலைத் திணியுங்கள். மேலே ஒரு பழைய பிளாஸ்டிக் மூடி. வைக்கோல் நனைந்தால் பயன் இல்லை, நனைந்த வைக்கோல் குளிரை உள்ளே கடத்தும். ஏப்ரலில் பிரித்துப் பார்க்கும்போது தண்டின் மேல் கால்பகுதி கொழகொழவென்று இருக்கும். கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே வாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக, நடுவில் இளம்பச்சை வட்டம் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். ஓரிரு வாரத்தில் அந்த வட்டம் ஓர் அங்குலம் மேலே எழும்பி நிற்கும்.

கல்வாழையும் சேம்பும் கிழங்குச் செடிகள் என்பதால் இன்னும் எளிது. மென்குளிர் இடங்களில் மூடாக்கின்கீழ் விடலாம். மற்ற இடங்களில் தோண்டி எடுத்து, மண் உதறி, உறையாத கொட்டகையில் காய்ந்த மட்கில் புதைத்து வைத்து வசந்தத்தில் நடலாம்.

தொட்டியும் கறிவேப்பிலையும்

தரையில் மைனஸ் 10 தாங்குகிற பனை தொட்டியில் தாங்காது. தரையில் வேருக்குச் சுற்றிலும் பூமியே போர்வை. தொட்டியில் எல்லாப் பக்கமும் குளிர்காற்று, வேர்க்கட்டி மொத்தமும் உறைந்துவிடும். பனையின் வேர் ஓலையைவிடக் குளிருக்குப் பயப்படும். தொட்டியைச் சுவரை ஒட்டி நகர்த்தி, சுற்றிலும் குமிழ்த்தாள் கட்டி, அடியில் செங்கல் கொடுத்து உயர்த்துங்கள், தண்ணீரைக் குறையுங்கள்.

வீட்டுக்குள் கொண்டுவருகிறவர்கள் ஹீட்டர் ஓடுகிற வரவேற்பறையில் வைத்துவிடுகிறார்கள். டிசம்பர் நடுவில் லண்டனின் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. சூடு இருந்து வெளிச்சம் இல்லாவிட்டால் செடி வெளுத்து நீண்டு பலவீனமாகும், காய்ந்த காற்றில் சிவப்புச் சிலந்தி ஏறும். குளிர் தாங்குகிற பனைக்கு 5 முதல் 10 டிகிரி உள்ள வெளிச்சமான கண்ணாடித் தாழ்வாரமே உத்தமம்.

கறிவேப்பிலைக்கு அந்தக் குளிர் ஆகாது. லண்டனிலும் டொராண்டோவிலும் தமிழ் வீடுகளின் ஜன்னலோரத்தில் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது, ஜனவரியில் அது இலை கொட்டுவதைப் பார்த்துக் கலங்காதவர்களும் இல்லை. வெளிச்சம் குறைந்ததால் ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதும் உரம் போடுவதும்தான் அதைக் கொல்லும். தெற்கு ஜன்னலில், 12 டிகிரிக்குக் குறையாமல், மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர். குச்சியில் நகத்தால் கீறிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

வசந்தத்தில் பரிசோதனை

மார்ச் மாதம், காய்ந்த நாளாகப் பார்த்து, நடுக்குருத்தை இரு விரலால் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். அசையாமல் நின்றால் நல்லது. கையோடு வந்துவிட்டால் அதன் அடியைப் பாருங்கள். பழுப்பாக, கூழாக, புளித்த வாடையோடு இருக்கும். பார்த்ததும் மனம் உடைந்துபோகும், ஆனால் மரம் முடிந்தது என்று அர்த்தமில்லை. அழுகல் பெரும்பாலும் வளர்முனைக்கு மேலேயே நின்றிருக்கும். தளர்ந்த மற்ற ஓலைகளையும் எடுத்துவிட்டு, குழிக்குள் உள்ள கூழைச் சுத்தம் செய்து, மருந்துக்கடையில் கிடைக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும். சில நாள் விட்டு நுரை அடங்குகிறவரை மறுபடி செய்யலாம். மழை இறங்காமல் மேலே மூடி போட்டு, காய விடுங்கள்.

பிழைத்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி. ஏப்ரல் கடைசியில், குருத்துக்கும் அதை ஒட்டிய முற்றிய மட்டைக்கும் குறுக்கே அழியாத மார்க்கரால் ஒரே கோடு போடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். முற்றிய மட்டை வளராது, குருத்து வளரும். குருத்தில் உள்ள கோடு மேலே நகர்ந்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. குருத்தையே இழந்த மரத்தில் இந்தச் சோதனைக்கு வழியில்லை. ஜூலை, ஆகஸ்ட் வரை பொறுங்கள். நடுவிலிருந்து கத்தரித்துவிட்டது போல நுனி மொட்டையான, சுருங்கிய ஓலை ஒன்று எட்டிப் பார்க்கும். அது நோயல்ல, அழுகலில் மேல்பாதியை இழந்த ஓலை கீழ்ப்பாதியோடு வெளியே வருகிறது. அதற்கடுத்தது முழுசாக வரும். பாதி பச்சையாக இருக்கிற பழைய ஓலைகளை அதுவரை வெட்டாதீர்கள், மரத்துக்கு உணவு சமைப்பவை அவைதான்.

மிதமான இடங்களில் இருப்பவர்களுக்கு ஒரு பொறுப்பும் உண்டு. ட்ராக்கிகார்பஸில் நம் ஊர்ப் பனையைப் போலவே ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. இரண்டும் அருகில் இருந்தால் பெண் மரம் நீலக்கறுப்புக் காய்களைக் கொத்துக்கொத்தாய்த் தள்ளும், பறவைகள் தூக்கிப் போகும். சுவிட்சர்லாந்தின் தெற்கே டிச்சினோ மாநிலத்தில் இப்படிக் காட்டுக்குள் பரவி, அங்குள்ள மரங்களின் கன்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்துவிட்டது. 2024 செப்டம்பர் 1 முதல் அந்த நாட்டில் இதை விற்கவே தடை. இங்கிலாந்தில் அப்படித் தடை இல்லை. ஆனால் உங்கள் மரம் பெண்ணாக இருந்து, பக்கத்தில் காடோ ஓடைக்கரையோ இருந்தால், காய் பழுப்பதற்குள் பாளையை அறுத்துவிடுங்கள். விதைக்காக மரம் செலவிடுகிற சக்தி ஓலைக்குத் திரும்பும்.